படகின் முதுகில் எழுதும் ஊர்

1

வருடத்தில் ஒரு நாள் மட்டும் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பாணும் பழுப்புச் சீஸும்தான். நான் நோர்வேயில் வந்து இறங்கிய நாள் அது. அன்று மாலை அகதி முகாமில் என் கையில் கிடைத்த முதல் சாப்பாடு இதுதான். பார்வைக்குச் சவர்க்காரக் கட்டி. வாயில் வைத்தால், பால்கோவாவில் யாரோ உப்பைக் கொட்டிவிட்ட மாதிரி ஒரு ருசி. அன்றைக்கு அழுதுகொண்டு விழுங்கினேன். இப்போது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி வருடாவருடம் விழுங்குகிறேன்.

இந்த வருடத்தோடு இருபத்தைந்து வருடம். மேசையில் நானும் மனைவி வசந்தியும் மட்டும். மகள் தர்சி ஓகஸ்டில் வடக்கே துரும்சோவுக்குப் படிக்கப் போய்விட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது.

“சவர்க்காரம் சாப்பிட்டாச்சே அப்பா?”

“ஓம் பிள்ளை. அம்மா ஒரு துண்டோடை எழும்பீட்டா.”

“அந்த எழுத்தைத் தொடேல்லைத்தானே?”

“தொடேல்லை.”

என் படகில் இருக்கிற அந்த எழுத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள், “இவருக்குப் படகு ஒன்றுதான் குறைச்சல்” என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். வசந்தி சிரித்ததைவிட அதிகமாக உங்களால் சிரிக்க முடியாது.

2

நான் யாழ்ப்பாணத்து உரும்பிராயான். உரும்பிராயில் கடல் இல்லை. செம்மண் உண்டு, கிணறு உண்டு, வாழைத்தோட்டம் உண்டு. கடலை நான் வருடத்தில் இரண்டு தரம், அதுவும் கால் நனைக்கிற அளவுக்குத்தான் பார்த்தவன். ஆனால் இந்த நாட்டு மனிதர்களுக்கு இதை விளங்கப்படுத்த ஏலாது. தீவில் பிறந்தவன் என்றால் மிதந்துகொண்டே பிறந்தவன் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

ஆர்னெயின் நினைப்பும் அதுதான். அவர் எங்கள் பஸ் டிப்போவில் என்னைவிட மூத்த சாரதி. பத்து வருடமாக ஒரே மேசையில் கோப்பி குடிக்கிறோம். போன மாரிக் குளிரில் அவர் தன் பழைய படகை என் தலையில் கட்டினார். ஆறு மீட்டர் நீளம், ஒரு சின்ன அறை, டொக் டொக் என்று அடிக்கிற டீசல் எஞ்சின்.

“கிழமை முழுக்க ஸ்டியரிங் பிடிச்சது காணாதே? ஞாயிற்றுக்கிழமையும் பிடிக்கோணுமே?” என்றாள் வசந்தி.

அவள் கேட்டது நியாயம். நான் வாங்கியதற்கும் ஒரு நியாயம் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. தர்சிக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. ஓகஸ்டில் வீட்டை விட்டுப் போவாள் என்று அப்போதே தெரிந்திருந்தது. எங்களோடு கோயிலுக்கு வருவதை நிறுத்தி மூன்று வருடம், கலியாண வீடுகளுக்கு வருவதை நிறுத்தி இரண்டு வருடம். படகு என்று சொன்னதும், கைத்தொலைபேசியில் இருந்து தலையை நிமிர்த்தி, “உண்மையாவோ?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே வாங்கினேன்.

படகின் பெயர் ‘பேரித்’. அது ஆர்னெயின் மனைவியின் பெயர். பேரித் உயிரோடு, ஆரோக்கியமாக, பக்கத்துப் படகில் உட்கார்ந்து வாஃபிள் சுடுகிறவர். ஆர்னெ புதிதாக வாங்கிய பெரிய படகின் பெயர் ‘பேரித் 2’.

“அடுத்தவன் பெண்சாதியின்ரை பேரிலை படகு வைச்சிருக்கிற ஒரே தமிழன் நீங்கள்தான்,” என்றாள் வசந்தி. “பேரை மாத்துங்கோ.”

படகின் பெயரை மாற்றினால் கடலில் கெட்டது நடக்கும் என்று இங்கே ஒரு நம்பிக்கை இருப்பதாக நான் சொன்னேன். ராகுகாலம் பார்க்காமல் பல் வைத்தியரிடம்கூடப் போகாதவள் அவள். அதற்குப் பிறகு பெயரைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. “ஆனாலும் அந்த மனுசன் ரெண்டு படகுக்கும் பெண்சாதியின்ரை பேர் வைச்சிருக்கு,” என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

3

மாரி முழுவதும் படகுகள் கரையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கும். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை துறையில் எல்லாரும் கூடி, கூலியில்லாமல் ஆளுக்கொரு வேலை செய்து, படகுகளைத் தண்ணீரில் இறக்குவார்கள். இதற்கு ‘டுக்னாட்’ என்று பெயர். நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கு முதல்நாள் வீதி கூட்டுவது போலத்தான், சத்தம் மட்டும் குறைவு. 

வசந்தி ஒரு பையோடு வந்தாள். பையில் நாலு தேசிக்காய், சந்தனம், குங்குமம், ஒரு தேங்காய். புதுக் கார் வாங்கினால் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசுக்குவது எங்கள் வழக்கம். படகுக்குச் சில்லு இல்லை. அவள் இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, படகை ஏற்றி வைத்திருந்த இழுவை வண்டியின் சில்லுக்கடியில் வைத்தாள். வண்டியை இழுக்க வந்தவர் தேசிக்காயைக் கண்டு, யாரோ தவறவிட்டது என்று நினைத்துப் பொறுக்கி, துடைத்து, அவள் கையிலேயே கொடுத்தார். அவள் நன்றி சொல்லி வாங்கி மறுபடியும் வைத்தாள். மூன்றாம் தரம் ஆர்னெ வந்து விளங்கப்படுத்தினார்.

பிறகு படகின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஆர்னெ அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, “இது பெயரா?” என்று கேட்டார்.

“பொட்டு,” என்றேன்.

“அப்படியானால் பரவாயில்லை. அந்த இடத்தை விட்டு வை. பெயர், ஊர் எல்லாம் எங்கே வரும் என்று காட்டுகிறேன்.”

அவர் படகைச் சுற்றி நடந்து, தடித்த விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பதிவு எழுத்துக்கள் முன்பக்கத்தில், இடமும் வலமும், இன்னொரு படகில் இருந்து வாசிக்கக்கூடிய அளவுக்கு. பெயரும் முன்பக்கம் இரண்டு புறத்திலும் வரலாம். பின்பக்கத்தில் பெயர் கட்டாயம் போட வேண்டியதில்லை, ஆனால் போடுவதுதான் அழகு. மேலே பெயர், அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் வீட்டுத் துறைமுகம். அதாவது படகு எந்த ஊர் என்பது. அவர் தன்னுடைய ஊரை அழித்து, அந்த இடத்தைச் சுரண்டி, நீலம் பூசி வெறுமையாக வைத்திருந்தார்.

“பெயர் படகோடு வரும். ஊர் ஆளோடு வரும்,” என்றார். “அதை நீதான் எழுத வேண்டும்.”

“ஏன் ஊரைப் பின்பக்கத்தில் போடுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

ஆர்னெக்குக் காரணம் தெரியவில்லை. எப்போதும் அங்கேதான் போடுவது என்றார். தர்சி பக்கத்தில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தவள், தமிழில் சொன்னாள்: “படகுக்கு நல்லம் அப்பா. ஆரும் முதல் பேரைப் பாப்பினம், தாண்டிப் போனாப் பிறகுதான் ஊரைப் பாப்பினம். எங்களுக்கு முகத்தைப் பாத்த உடனை ஊரைத்தான் கேப்பினம்.”

அவள் ஒஸ்லோவில் பிறந்தவள். ‘நீ எந்த ஊர்?’ என்று கேட்டு, ‘ஒஸ்லோ’ என்று அவள் சொன்னால், ‘இல்லை, உண்மையில் எந்த ஊர்?’ என்று மறுபடி கேட்பார்கள். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

படகைப் பதிவு செய்யப் படிவம் வந்தது. இந்த இருபத்தைந்து வருடத்தில் நான் நிரப்பிய படிவங்களை ஒட்டினால் ஒஸ்லோவில் இருந்து உரும்பிராய் வரைக்கும் பாய் விரிக்கலாம். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, ஐந்து நிமிடத்தில் நிரப்பி, தபாலிலும் போட்டுவிட்டேன். அந்தத் திறமைக்கு என்னை நானே மெச்சினேன்.

ஒரு கிழமை கழித்து ஓர் இளம் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“வீட்டுத் துறைமுகம் என்ற இடத்தில் நீ எழுதியிருப்பதை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. உ... உரும்... இது எந்த நகரசபையில் இருக்கிறது?”

என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அகதி விண்ணப்பம், வதிவிட அனுமதி, குடியுரிமை, சாரதி அனுமதி என்று எந்தக் கடதாசி வந்தாலும் அதில் ஊர் கேட்டிருப்பார்கள், நான் பிறந்த ஊரை எழுதியிருப்பேன். வீடு, ஊர் என்ற மாதிரி ஒரு சொல்லைக் கண்டால் என் கை என்னைக் கேட்காமலே உரும்பிராயை எழுதிவிடுகிறது.

“அது யாழ்ப்பாணத்தில்,” என்றேன். “இலங்கை.”

“ஓ! அங்கே துறைமுகம் இருக்கிறதா?”

“இல்லை. கிணறு இருக்கிறது.”

அவள் சிரித்தாள், கெட்ட சிரிப்பு இல்லை. “பிறந்த இடத்தைக் கேட்கவில்லை. ஓடி முடித்துவிட்டுப் படகு எங்கே திரும்பி வரும்? அதை எழுதினால் போதும்.”

அவளே படிவத்தில் ‘ஒஸ்லோ’ என்று போட்டுக்கொண்டாள். கடதாசியில் விசயம் முடிந்தது. தர்சி அன்று முழுவதும், “உரும்பிராய்த் துறைமுகத்துக்குக் கப்பல் எத்தினை மணிக்கு?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அவள் தமிழில் பகிடி விட்டு வெகு காலம். நான் பிழை விட்டதே நல்லது என்று பட்டது.

ஆனால் படகின் முதுகு வெறுமையாகவே கிடந்தது. வெள்ளைப் பெயின்ற் ஒரு பேணியும் தூரிகையும் வாங்கிப் படகின் பெட்டிக்குள் வைத்தேன். எழுத மட்டும் மனம் வரவில்லை. ஒஸ்லோ என்று எழுதினால் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒஸ்லோ எனக்கு வேலைக்குப் போய் வருகிற இடம். அதை என் ஊர் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

“ஆனையை வாங்கிப்போட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறியள்,” என்றாள் வசந்தி.

5

யூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் தர்சியும் மட்டும் போனோம். வசந்திக்குப் படகு கரையில் கட்டியிருக்கும்போதுதான் பிடிக்கும். நகரத்துக்குள் நீண்டு வரும் கடலான ஃபியோர்டில் உள்ள தீவு ஒன்றின் பலகைத் துறையில் கட்டினோம். இடியப்பமும் சம்பலும் கொண்டுபோயிருந்தோம். தர்சி குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, சின்னப் பிள்ளை மாதிரிக் கையால் அள்ளிச் சாப்பிட்டாள்.

பக்கத்தில் ஒரு பெரிய படகு வந்து கட்டியது. அதில் தர்சியோடு உயர்பள்ளியில் படித்த ஒரு பெண், தாய் தகப்பனோடு. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தகப்பன் நல்ல மனிதர். எங்கள் எஞ்சினைப் பற்றி விசாரித்தார். எங்கள் படகின் பின்பக்கம் அவர்கள் பக்கம் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “ஊர் எழுதவில்லையே! நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முதல் தர்சி சொன்னாள்: “நகரத்தில். கொஞ்சம் கிழக்கே.”

நாங்கள் இருப்பது ரொம்மனில். தர்சி பிறந்ததில் இருந்து அதே மாடிக் கட்டடம், அதே வீடு. ‘கொஞ்சம் கிழக்கே’ என்பது, நிலக்கீழ் ரயிலில் கடைசிக்குக் கிட்டப் போகிற தூரம். நான் இடியப்பத் தட்டை மூடினேன். திரும்பி வரும்போது கேட்டேன்.

“ஏன் பிள்ளை ரொம்மன் எண்டு சொல்லேல்லை?”

“அல்சோ, அப்பா...” தர்சி அல்சோ என்று தொடங்கினால் எரிச்சல் வருகிறது என்று அர்த்தம். “ரொம்மன் எண்டா அவையின்ரை முகம் மாறும். பிறகு, அங்கை பயமில்லையோ, எத்தினை நோர்வேப் பிள்ளையள் வகுப்பிலை இருந்தவை எண்டு கேப்பினம். எனக்குக் களைச்சுப்போச்சு. ஒரு நாளாவது இடியப்பத்தைச் சாப்பிட்டிட்டுச் சும்மா இருக்கலாம் எண்டு பாத்தன்.”

எனக்குக் கோபம் வந்தது. கத்தப் போன நேரம், எனக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்துவிட்டது.

இங்கே வர முதல், கொழும்பில் ஒரு லொட்ஜில் மூன்று மாதம் கிடந்தேன். வெளியே போனால் பொலிஸ்காரன் நிறுத்தி ஊர் எது என்று கேட்பான். யாழ்ப்பாணத்தான் என்றால் பிடித்துக்கொண்டு போவான் என்பதால், நான் கொழும்பிலேயே உள்ள ‘வெள்ளவத்தை’யைச் சொல்வேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைச் சொல்லிப் பழகியும் இருக்கிறேன். மூன்று மாதமாக என் வாயில் இருந்து உரும்பிராய் என்ற சொல் வெளியே வரவில்லை. இங்கே வந்த பிறகு, கிடைத்த படிவத்தில் எல்லாம் அதை எழுதித் தள்ளியதற்குக் காரணமும் அதுதானோ என்று இப்போது யோசிக்கிறேன்.

எனக்கு அன்று இருந்தது உயிர்ப் பயம். அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஊரைச் சொன்னதும் எதிரில் நிற்பவரின் முகம் மாறுவதைப் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் நெஞ்சு நொந்தது, அதை மறைத்து என்ன. இந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போகும்போது இந்த வீட்டையும் தன் பேச்சில் இருந்து துடைத்துவிட்டுப் போய்விடுமோ? துரும்சோவில் புதுச் சிநேகிதர்கள் கேட்டால், நானும் வசந்தியும் இருக்கிற இடத்துக்கும் ‘கொஞ்சம் கிழக்கே’ என்றுதான் பெயரோ? அதற்குப் பிறகு நான் அவளிடம் படகின் ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் கதைக்கவில்லை.

6

துரும்சோவுக்குப் போவதற்கு இரண்டு நாள் முதல், ஜக்கெற்றைப் படகில் விட்டுவிட்டேன் என்று தர்சி படகுத் திறப்பை வாங்கிக்கொண்டு போனாள். பின்னேரம் வெறுங்கையோடு வந்தாள். முழங்கையில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. என்ன அது என்று கேட்டதற்கு, சாமான் கட்டும்போது சுவரில் பட்டது என்றாள். எங்கள் வீட்டுச் சுவர் மஞ்சள். நான் இருந்த மனநிலையில் அது எனக்கு உறைக்கவில்லை.

விமானநிலையத்தில் வசந்தி பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் கொடுத்து அழுதாள். நான் அழவில்லை. பெட்டியின் நிறையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் துறையில் படகுகள் மூக்கைப் பலகைப் பாதைப் பக்கம் கொடுத்து, முதுகைத் தண்ணீர்ப் பக்கம் காட்டிக்கொண்டு நிற்கும். கரையில் இருந்து போகிறவனுக்குத் தன் படகின் முதுகு தெரியாது. அடுத்த இரண்டு கிழமையில் மூன்று தரம் போய், தேங்கின மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு வந்தேன். செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல், தனியாகப் படகை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். பின்னோக்கி எடுத்து, திருப்பி, டொக் டொக் என்று போய்க்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு படகு வந்தது. அதில் இருந்து ஒரு கிழவர் கூப்பிட்டார்.

“ஹேய், ரொம்மன்!”

முன்பின் தெரியாத மனிதன், நடுத் தண்ணீரில், என் இடத்தின் பெயரைச் சொல்லிப் பின்னால் இருந்து கூப்பிடுகிறான். இவனுக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். தொப்பி வைத்த ஒல்லியான மனிதர், வாய் நிறையச் சிரிப்பு.

“எனக்குத் தெரிந்து ரொம்மனில் கடல் இல்லையே!” என்று கத்தினார். “துறைமுகம் எங்கே இருக்கிறது?”

எஞ்சினை நிறுத்தினேன். பின்பக்கத்துக்குப் போய், விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தலைகீழாகப் பார்த்தேன். ஆர்னெயின் காலத்துப் பெயர், மங்கிய பொன் எழுத்தில். அதற்குக் கீழே, அவர் சுரண்டி விட்ட இடத்தில், நோர்வே மொழியில் வெள்ளை எழுத்து ஆறு. ரொம்மன். பின்னால் வருகிற எவரும் வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக, மேலே உள்ள பெயரைவிடப் பெரிதாக எழுதியிருந்தாள். கடைசி எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சரிந்திருந்தது.

கிழவர் இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

“நாலாம் மாடியில்,” என்றேன். “லிஃப்டில் இருந்து இறங்கி இடக்கைப் பக்கம்.”

அவர் தொப்பியைக் கழற்றிக் காட்டிவிட்டுத் தாண்டிப் போனார். நான் எஞ்சினைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தேன். விமானநிலையத்தில் அழாததை அங்கே அழுது முடித்தேன்.

துறைக்குத் திரும்பியதும் பேரித், ‘பேரித் 2’இல் இருந்து எட்டிப் பார்த்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களுடைய குட்டி ரப்பர் படகில் தர்சியை உட்கார வைத்து, இரண்டு மணித்தியாலம் அவர்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். “ஒஸ்லோ என்றால் எழுத்துக் குறைவு, சுகமாக எழுதலாம் என்று சொன்னேன்,” என்றார். “ஓடி முடித்துப் போகிற இடத்தைத்தான் எழுத வேண்டும் என்று யாரோ பதிவு அலுவலகத்தில் சொன்னார்களாம். அதனால் இதுதான் சரி என்றாள்.”

அங்கேயே நின்று தர்சிக்கு எடுத்தேன்.

“ரெண்டு கிழமை கழிச்சு இப்பதான் பாத்தனீங்களே?” என்றாள். அவளுக்குப் பின்னால் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. “கடைசி எழுத்து சரிஞ்சு போச்சு. பேரித் கயித்தை விட்டிட்டா. தீவாளிக்கு வீட்டை வரேக்கை நான் திருத்திறன். நீங்கள் தொடாதேங்கோ.”

அடுத்த கிழமை படகைக் கரையில் ஏற்ற வேண்டும். நேற்று ஆர்னெ வந்து பார்த்துவிட்டு, அந்த எழுத்தை நேராக்கப் பத்து நிமிடம் போதும், தூரிகையைத் தா என்று கேட்டார். அது என் வேலை இல்லை, அதற்கு ஆள் வரும் என்று சொல்லி, தூரிகையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.